பூசை கற்பிக்கும் பூசை

(திருக்கோயிலில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘பூசை’ என்னும் சொல் ஒன்று. அதன் பொருள் இரண்டு. இறைவனை நீராட்டி, மலர் சூட்டி, விளக்கேற்றிச் செய்யும் வழிபாடு ஒரு பொருள். வீட்டு அடுக்களையில் பாற்பாத்திரத்தை நோக்கியவாறு அமர்ந்திருக்கும் பூனை மற்றொரு பொருள். இலக்கண நூலார் இத்தகைய சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர். வெருகு எனப்படும் பூனையைப் பூசை என்று வழங்கும் மரபைத் தொல்காப்பியர் மரபியலிலே குறித்திருக்கிறார். கவிச்சக்கரவர்த்தி கம்பரும் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில் பூனையைப் பூசை என்றே அழைக்கிறார். ஒலியால் ஒன்றுபட்ட இவ்விரண்டும் பொருளாலும் ஓரிடத்தில் நெருங்கி வருகின்றன. அவ்விடம் யாதெனில், அசையாதிருத்தல் ஆகும்.

திருக்கோயிலுக்கு வருவோர் பலர் ஒரு குறையைச் சொல்லி வருந்துவதுண்டு. “கண்ணை மூடினால் கடவுள் தெரிவதில்லை, கடன் கொடுத்தவர்தாம் தெரிகிறார்” என்பார் ஒருவர். சன்னிதியில் கைகூப்பி நிற்கும்போதே வாயிலில் விட்டுவந்த செருப்பை நினைப்பார் மற்றொருவர். மகளின் திருமணம், மகனின் வேலை, மருத்துவர் சொன்ன ஒரு சொல், சட்டைப்பையில் அதிரும் கைப்பேசி என மனத்தை இழுத்துச் செல்லும் கயிறுகள் பல. ஈற்றில், “தியானம் துறவிகளுக்கு உரியது, குடும்பத்தில் உழல்பவர்க்கு ஆகாது” என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே ஓர் ஆசிரியர் அமர்ந்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

விலங்கு ஆசிரியராகுமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் ஒருவர், தமக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருபத்து நால்வர் என்று யது மன்னனிடம் கூறுகிறார். மண்ணும் நீரும், தேனீயும் மலைப்பாம்பும், புறாவும் சிலந்தியும் அவ்வரிசையில் உள்ளன. அதில் பூனை இல்லை. ஆயினும் எவ்வுயிரிடத்தும் பாடம் கேட்கும் பணிவு அங்கே கற்பிக்கப்படுகிறது. அப்பணிவோடு பூனையை நோக்கினால் அதன் வாழ்வில் சில பாடங்கள் புலப்படும்.

பூனையைக் கண்டால் பாடம் கேட்பதற்கு மாறாகச் சகுனம் பார்ப்போரே நாட்டில் மிகுதி. கோயிலுக்குப் புறப்பட்டவர்கூட, பூனை குறுக்கே சென்றால் வீட்டினுள் திரும்பிச் சற்றே அமர்ந்து, ஒரு வாய் நீர் பருகிய பின்னரே மீண்டும் புறப்படுவர். அச்சிற்றுயிர் தன் இரையை நாடியோ தன் குட்டியைத் தேடியோ செல்கிறது. எவருடைய வினையையும் அது சுமந்து செல்வதில்லை. இறைவனைக் காணச் செல்லும் ஒருவரின் வழியை ஒரு பூனையால் மறிக்க முடியுமென்று நம்புவது, இறைவனின் ஆற்றலைப் பூனையின் ஆற்றலினும் குறைத்து மதிப்பதாகும்.

அமரும் முறை

உறங்கி எழுந்த பூனை உடனே ஓடிவிடுவதில்லை. முன்கால்களை நீட்டி முதுகைத் தாழ்த்தும். பின்னர் முதுகை வில்லென வளைத்து உயர்த்தும். உடலின் இறுக்கம் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் நீங்கும். யோகப் பயிற்சியில் இத்தகைய நிலைக்கு மார்ஜாரி ஆசனம் என்றே பெயர். மார்ஜாரம் என்பது பூனையைக் குறிக்கும் வடசொல். அதன்பின் நாவினால் தன் உடலைத் தூய்மை செய்துகொள்ளும். பிறகு இடம் தேர்ந்து, கால்களை உடலின்கீழ் மடக்கி, வாலைச் சுற்றி அணைத்து அமரும். முதலில் தளர்வு, அடுத்துத் தூய்மை, அதற்கடுத்து இடம், இறுதியில் இருக்கை. வழிபாட்டிற்கு அமர்வோர்க்குப் பெரியோர் வகுத்த ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

ஆசனம் என்பது நிலைத்ததாகவும் சுகமானதாகவும் இருத்தல் வேண்டும் என்பது பதஞ்சலி முனிவரின் கருத்து. மாந்தருள் பலர் தியானத்திற்கு அமரும்போது இவ்விரண்டில் ஒன்றை இழந்துவிடுகின்றனர். முதுகை விறைப்பாக்கி மூச்சைப் பிடித்து அமர்ந்தால் சுகம் போயிற்று. சாய்ந்து தளர்ந்தால் நிலை போயிற்று. சிறிது நேரத்தில் குறட்டை எழும். பூனையின் இருப்பிலோ இரண்டும் ஒருங்கே உள்ளன.

பூனை நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும் என்பர் உயிர்நூல் வல்லோர். அதனைச் சோம்பல் என்று எள்ளுவோர் அதன் செவிகளை உற்று நோக்குதல் வேண்டும். அவ்வுறக்கத்தின் பெரும்பகுதி ஆழ்ந்த துயில் அன்று. விழிப்போடு கூடிய ஓய்வு. கண்கள் மூடியிருப்பினும் செவிகள் தனித்தனியே திரும்பிக்கொண்டிருக்கும். ஒன்று தெருப்பக்கம் நோக்க, மற்றொன்று கொல்லைப்பக்கம் நோக்கும்.

“வீட்டில் இரைச்சல், எங்ஙனம் தியானம் செய்வது?” என்று கேட்போர் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் தகும். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியைக் கேட்கும். பூனையின் செவியோ 60,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட ஒலியைக் கேட்க வல்லது. மனிதனுக்குக் கேட்கும் இரைச்சலோடு, கேளாத இரைச்சலும் பூனைக்குக் கேட்கிறது. ஆயினும் அமைதியாக இருப்பது எது? ஓசை எழுந்ததும் பூனை செவியைத் திருப்புகிறது. அதில் தனக்கு ஆவது ஒன்றுமில்லை என்று அறிந்ததும் விட்டுவிடுகிறது. மனிதனோ கேட்ட ஓசையை விடுவதில்லை. யார் பேசினார், எதற்காகப் பேசினார், தன்னைப் பற்றியோ என்று அதன் பின்னே நெடுந்தொலைவு நடந்து செல்கிறான். அமைதியைக் கெடுப்பது ஓசை அன்று. ஓசையைப் பற்றிக்கொண்டு செல்லும் மனமே ஆகும்.

உள்ளிழுத்த நகம்

பூனையின் குலத்திற்குத் தலைமை பூண்டது புலி. தில்லைத் திருத்தலத்தில் புலியின் காலைப் பெற்ற முனிவர் ஒருவர் உண்டு. வண்டு தீண்டாத மலர்களைக் கொண்டு இறைவனை வழிபட விரும்பிய அவர், வைகறைக்கு முன்பே பனியில் வழுக்கும் மரங்களில் ஏறுதற்குப் புலிக்காலும், இருளிற் காண்பதற்குப் புலிக்கண்ணும் வேண்டிப் பெற்றார் என்பது தலவரலாறு. அதனால் அவர் வியாக்கிரபாதர் ஆனார். தில்லையும் புலியூர் ஆயிற்று. பதஞ்சலியாரும் வியாக்கிரபாதரும் அருகருகே நின்று ஆடல்வல்லானின் கூத்தைக் கண்டனர் என்பது மரபு.

கொல்லுதற்கு அமைந்த காலும் நகமும் மலர் கொய்வதற்குக் கருவியான இவ்வரலாற்றில் நுட்பமான கருத்தொன்று உள்ளது. பூனையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தோர் அதன் மென்மையை அறிவர். கூரிய நகங்கள் அங்கே இல்லாமல் இல்லை, உள்ளே இழுக்கப்பட்டிருக்கின்றன. வேண்டும்போது மட்டுமே அவை வெளிப்படும். வேண்டாத பொழுதெல்லாம் அவற்றை வெளியே நீட்டித் திரிந்தால் அவை தேய்ந்து கூர்மழுங்கும், நடையும் ஓசையுடையதாகும்.

அடக்கம் என்பது வலிமை இல்லாமை அன்று. வலிமையை உறையில் இட்டு வைத்தல் ஆகும். மருமகளிடத்து மாமியும், பணியாளரிடத்து அலுவலரும், மாணவரிடத்து ஆசிரியரும் நகத்தை வெளியே நீட்டியபடியே நாள் முழுவதும் நடந்துவிட்டு, மாலையில் கால் மணி நேரம் கண் மூடினால் அமைதி எங்ஙனம் கிட்டும்? பகலெல்லாம் சொன்ன சுடுசொற்களே அப்பொழுது செவியில் ஒலிக்கும். இயமமும் நியமமும் முதற்கண் வைக்கப்பட்டு, தியானம் எட்டு உறுப்புக்களுள் ஏழாவதாக வைக்கப்பட்டதன் காரணமும் இதுவே. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவ்வெட்டு உறுப்புக்களையும் விரித்துரைக்கிறார்.

வளையின் முன்

பூனையின் ஒருமைப்பாட்டைக் காண விரும்புவோர் எலி வளையின் முன் அதனைக் காணுதல் வேண்டும். துரத்தி ஓடி இரை பிடிப்பதினும் காத்திருந்து பிடிப்பதே அதன் இயல்பு. உடல் தாழ்ந்திருக்கும், மீசை மயிர் முன்னோக்கி நிற்கும், கண் அத்துளையை விட்டு அகலாது. இரை எப்பொழுது வரும் என்பது அதற்குத் தெரியாது. வருமா என்பதும் தெரியாது. ஆயினும் அது பொழுதை எண்ணுவதில்லை.

மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது தாரணை. நிறுத்திய நினைவு எண்ணெய் ஒழுகுவது போல இடையறாது செல்வது தியானம். தொடக்கத்தில் எவர்க்கும் நினைவு அறுபடும். அவ்வாறு அறுபடும்போது செய்ய வேண்டுவது யாது? அதற்கும் பூனையிடத்து விடை உண்டு. பாய்ந்த பாய்ச்சல் தவறிப்போன பூனை, தன்னைத்தானே பழித்துக்கொண்டு படுத்துவிடுவதில்லை. சற்றே விலகித் தன் உடலை நக்கிக்கொள்ளும். மீண்டும் வந்து அதே வளையின் முன் அமரும். மனிதனோ, “இன்றும் மனம் ஓடிவிட்டது, எனக்கு இது வாராது” என்று புலம்புகிறான். மனம் ஒருமுறை ஓடிற்று. அதனைப் பற்றிய புலம்பலில் பத்துமுறை ஓடிற்று. ஓடிய மனத்தைச் சினவாது திரும்ப அழைத்து வருவதே பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை அழைத்து வருதலே அன்றைய வழிபாடு ஆகும்.

மாமல்லைப் பூனை

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, அசையாதிருப்பதெல்லாம் தவம் என்று ஒருவர் கொண்டுவிடலாகாது. அதனைத் தடுத்தற்கென்றே பல்லவர் காலத்துச் சிற்பி ஒருவன் கல்லில் ஒரு பூனையை நிறுத்தி வைத்திருக்கிறான்.

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும்பாறைச் சிற்பம் ஒன்று உண்டு. அருச்சுனன் தவம் என்று சிலரும், பகீரதன் தவம் என்று சிலரும் அதனைக் கூறுவர். ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள அப்பாறைப் பரப்பில் தேவரும் முனிவரும் நாகரும் யானைகளும் திரண்டிருக்க, ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் இயற்றுகிறார் ஒருவர். கீழே, பேருருவ யானையின் அருகே ஒரு பூனையும் பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது. அதனைச் சுற்றி எலிகள் விளையாடுகின்றன. மேலே நிற்கும் தவசியின் கைநிலையும் கீழே நிற்கும் பூனையின் கைநிலையும் ஒன்றே. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இப்பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்ட பூனையை நம்பி எலிகள் அதனிடம் அடைக்கலம் புகுந்தன. எலிகள் நாளும் குறைந்தன. பூனை நாளும் கொழுத்தது. திருவள்ளுவரும் தவம் என்னும் அதிகாரத்தை அடுத்தே கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தை வைத்தார். தவத்தின் நிழலிலேயே கள்ளத்தவம் வளரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அக்கதையைச் சொல்லி அனுப்பியவன் யார் என்பதும் சிந்திக்கத்தக்கது. துரியோதனன், உலூகன் வாயிலாகத் தருமபுத்திரருக்கு அனுப்பிய செய்தி அது. “நீயே அப்பூனை” என்று பழிப்பதற்காக அவன் அதனைச் சொன்னான். சூதினால் நாட்டைக் கவர்ந்தவன், அறத்தில் நின்றவரைப் பார்த்துக் கள்ளத்தவசி என்கிறான். ஆகவே, ஒருவர் இயற்றுவது மெய்த்தவமா பொய்த்தவமா என்பதைப் புறத்தே நின்று மற்றொருவர் கூறிவிட இயலாது. அருகில் கண் மூடி அமர்ந்திருப்பவரை அளக்கும் கோல் எவர் கையிலும் தரப்படவில்லை. மாமல்லைப் பூனையைக் காண்போர், “இவன் அப்பூனை, அவன் அப்பூனை” என்று சுட்டுவதை விடுத்து, தம் உள்ளத்துள் எந்த எலியை நோக்கி இத்தவம் என்று தம்மைத்தாமே வினவுதல் வேண்டும்.

பூனையைப் பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. இரை தேடுவது அதன் இயற்கை. அதன் காத்திருப்பில் பொய் இல்லை. எதன்பொருட்டுக் காத்திருப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை அதற்கு வழங்கப்படவில்லை. மனிதனுக்கோ ஆறாவது அறிவாகிய மனம் வழங்கப்பட்டிருக்கிறது. எவ்வாறு அசையாதிருப்பது என்பதைப் பூனையிடம் கற்கலாம். எதன் முன் அசையாதிருப்பது என்பதை மனிதன் தானே தெளிதல் வேண்டும்.

தாயின் வாயில் குட்டி

கங்கைக் கரையில் 1855ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட தட்சிணேசுவரக் காளி கோயிலில், இராமகிருட்டிணர் அன்னைக்குப் படைக்க வைத்திருந்த உணவை ஒரு பூனைக்கு ஊட்டினார். எல்லாம் அன்னையின் வடிவமாகவே அவர் கண்ணுக்குத் தோன்றிய காலம் அது. கோயில் மேலாளர் இதனை முறைகேடு என்று கருதி, கோயிலின் பொறுப்பை ஏற்றிருந்த மதுரநாதருக்கு எழுதினார். அவர் செய்வதைத் தடுக்க வேண்டா என்று மறுமொழி வந்தது. ஒரு பூசைக்கு உரியது மற்றொரு பூசைக்குச் சென்றது. அன்னை இரண்டிலும் இருந்தாள்.

அப்பெரியவர் அடியார்க்கு அடிக்கடி எடுத்துரைத்த உவமை பூனைக்குட்டி. வைணவ ஆசாரியர்களும் குரங்குக்குட்டி நெறி, பூனைக்குட்டி நெறி என இரண்டைக் கூறுவர். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தன் கைகளால் இறுகப் பற்றிக்கொள்ளும். அங்கே குட்டியின் முயற்சியும் வேண்டப்படுகிறது. பூனைக்குட்டியோ ஒன்றையும் பற்றுவதில்லை. தாயே அதன் பிடரியைக் கவ்விச் செல்கிறது. அடுக்களையில் வைத்தாலும் சாம்பல் மேட்டில் வைத்தாலும் மெத்தையில் வைத்தாலும், குட்டிக்குத் தெரிந்தது தாயை அழைக்கும் ஒரு குரலே. இரு நெறிகளும் சேருமிடம் ஒன்றாதலின் அவற்றுள் உயர்வு தாழ்வு பேசுதல் இங்கு வேண்டா.

தாய்ப்பூனை குட்டியைத் தூக்கும் காட்சியைக் கண்டோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அதுவரை துள்ளித் திரிந்த குட்டி, தாயின் பற்கள் பிடரியில் பட்டதும் கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, முற்றிலும் தளர்ந்து தொங்கும். எலியைக் கொல்லும் அதே பற்கள்தாம் அவை. குட்டிக்கோ அவை பல்லக்கு. திமிறினால் தாய்க்கும் துன்பம், குட்டிக்கும் துன்பம்.

உறக்கமின்றி நள்ளிரவில் விழித்திருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவர் மருத்துவமனையில் இருக்கிறார். நாளை அறுவை சிகிச்சை. செய்ய வேண்டுவன யாவும் செய்தாயிற்று. கட்ட வேண்டிய பணமும் கட்டியாயிற்று. இனி அவர் கையில் ஒன்றுமில்லை. ஆயினும் மனம் மட்டும் இல்லாத கிளையைப் பற்றுதற்குக் கை நீட்டியபடியே இருக்கிறது. “மனத்தை ஒருமுகப்படுத்து” என்று அவரிடம் கூறுவது பயன் தராது. வளையின் முன் காத்திருக்கும் பூனையின் பாடம் அந்நேரத்துக்கு உரியது அன்று. தாயின் வாயில் தொங்கும் குட்டியின் பாடமே உரியது. பற்றுவதற்கு ஒன்றும் இல்லாதபோது, பற்றப்பட்டிருக்கிறோம் என்னும் நம்பிக்கையில் தளர்தல். பிடரியில் பட்டிருப்பது பல்லாகத் தோன்றினும் அது தாயின் பல். அந்நம்பிக்கை அறுவையின் முடிவை மாற்றித் தரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயின் அவ்விரவை அது கடக்கச் செய்யும். முயற்சி முடிந்த இடத்தில் வரும் அசைவின்மையே தியானத்தின் கனி ஆகும்.

பாற்கடலின் கரையில்

கம்பர் இராமகாதையைப் பாடத் தொடங்கும்போது, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டு அதன் கரையை அடைந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய புலவர் அத்துணைச் சிறிய உவமையைத் தமக்குத் தேர்ந்தார். கடல் தீராது என்று அறிந்தும் அவர் கரையினின்று திரும்பிவிடவில்லை. தம் நாவுக்கு எட்டியதைப் பருகினார். அதனால் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

தியானத்தில் இறங்குவோர்க்கும் இதுவே வழி. முதல் நாளிலேயே மனம் முழுவதும் அடங்கிவிட வேண்டும் என்று விழைவது கடலை ஒரே மிடறில் பருக விழைவதாகும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், பத்து நிமிடம் போதும். உடலைத் தளர்த்துக; நகத்தை உள்ளிழுத்துக்கொள்க; எழும் ஓசையை அறிந்து விட்டுவிடுக; ஓடிய மனத்தைச் சினவாது அழைத்து வருக; இயலாதபோது குட்டியைப் போல ஒப்படைத்துவிடுக. நாக்கு நனையும் அளவே அன்றைக்குக் கிடைப்பினும், கிடைத்தது பாற்கடலின் பால் அன்றோ?

இல்லம் திரும்பும் அன்பர்கள், திண்ணையில் கண் மூடி அமர்ந்திருக்கும் பூனையைக் கண்டால் விரட்டாமல் சற்றே அதனருகில் அமர்வார்களாக. அதற்கு ஒரு வாய்ப் பால் வார்ப்பார்களாக. பூசைக்குச் செய்யும் அச்சிறு தொண்டும் பூசையாக முடியும். எல்லா உயிர்க்கும் தாயான இறைவன் அனைவரையும் காத்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.